சாயமும் சட்டமும்: திருப்பூர் வழியே ஒரு வரலாற்று நோக்கு

2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதலில் புதுச்சேரியிலும், அடுத்த சில நாட்களில் தமிழகத்திலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. கடற்கரைகளிலும் கந்தூரி விழாக்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் வாங்கி உண்ட அந்த இளஞ்சிவப்புப் பண்டத்தை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியபோது, அந்நிறம் ‘ரோடமின் பி’ என்னும் சாயத்தால் வந்தது எனத் தெரிந்தது. பட்டு, கம்பளி, காகிதம், தோல் ஆகியவற்றிற்கு நிறமூட்டும் தொழிற்சாலைச் சாயம் அது. உணவில் அதற்கு எள்ளளவும் இடமில்லை. பஞ்சின் பெயரைத் தாங்கிய தின்பண்டத்தில் துணிக்குரிய சாயம் வந்து சேர்ந்ததைப் பலர் வேடிக்கையாகப் பேசினர். நமக்கு அதில் வேறொன்று புலப்பட்டது.

சாயக்கடையில் ரோடமினை விற்பது குற்றமன்று. அதே பொட்டலம் இனிப்புச் செய்பவரின் சட்டியில் விழும் கணத்தில்தான் குற்றம் பிறக்கிறது. சாயக்கடையைப் பார்ப்பது ஒரு துறை. சட்டியைப் பார்ப்பது வேறொரு துறை. சாயம் கரைந்து ஓடும் ஆற்றைப் பார்ப்பது மூன்றாவது துறை. அச்சாயத்தைக் கையால் அள்ளும் தொழிலாளியைப் பார்ப்பது நான்காவது. பொருள் ஒன்றாயிருக்க, அதைக் காணும் கண்கள் பலவாய்ப் பிரிந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேட, நூற்றாண்டுக் காலமாகச் சாயத்தோடு வாழ்ந்துவரும் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை.

அதற்கு முன், சந்தைக் கண்காணிப்பு ஒரே கையில் இருந்த காலத்தைச் சற்றே நோக்குவோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்ததையும், விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரை வினவியதையும் வாசகர்கள் நன்கறிவர். மேற்பரப்பைக் கண்டு நிறைவடையாமல் குவியலின் அடிக்குச் சென்ற அந்தக் கையே, பின்னாளில் ‘ஹிஸ்பா’ என வளர்ந்த பெருந்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. உமர் (ரலி) அவர்கள் சந்தைக் காரியங்கள் சிலவற்றை அஷ்ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்ததாகவும் வரலாற்றாசிரியர் சிலர் எழுதியுள்ளனர்.

பதினோராம் நூற்றாண்டில் அல்மாவர்தீ தம் ஆட்சியியல் நூலில் ஹிஸ்பாவிற்கென ஓர் இயலை ஒதுக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்துச் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபின் கைக்கு உதவும் வழிகாட்டி நூலையே எழுதினார். நாற்பது இயல்கள் கொண்ட அந்நூலில் ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர், சர்பத் காய்ச்சுவோர், மருந்துச் சரக்கு விற்போர், பருத்தி வணிகர், சாயக்காரர், கண் மருத்துவர் ஆகிய யாவரும் அடுத்தடுத்து வருகின்றனர். மருத்துவர் தம்மிடம் எந்தெந்தக் கருவிகளை வைத்திருத்தல் வேண்டும் என்பதும் அங்கே உண்டு. இன்று உணவு, மருந்து, மருத்துவக் கருவி, ஒப்பனைப் பொருள் என நான்கு அலுவலகங்களில் கிடக்கும் கோப்புகள் அன்று ஒரே நூலின் இயல்களாய் இருந்தன.

சாயக்காரர்களைப் பற்றி அஷ்ஷைஸரீ கூறுவது சுவையானது. மஞ்சிட்டி வேரால் ஏற்ற வேண்டிய சிவப்பை, அவர்களில் பலர் மருதாணியைக் கொண்டு ஏற்றிவிடுகின்றனர் என்றும், கடையில் பார்க்கும்போது பளபளக்கும் அத்துணி வெயில் பட்டதும் நிறம் மங்கிவிடுகிறது என்றும் அவர் எச்சரிக்கிறார். மருந்துச் சரக்குகளின் கலப்படங்களைப் பற்றி எழுதும்போதோ, ஊரறிந்தவற்றை மட்டும் சொல்லி மற்றவற்றை மறைத்துவிடுகிறார்; எழுதினால் தெரியாதவரும் கற்றுக்கொள்வர் என்னும் அச்சமே காரணம். ஒவ்வொரு தொழிலிலும் அத்தொழிலின் நுணுக்கமறிந்த நேர்மையாளர் ஒருவரை ‘அரீஃப்’ ஆக அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் விதி. சாயத்தின் கள்ளத்தைச் சாயக்காரரே அறிவார் என்பது அதன் பொருள்.

இப்பழம்பெருமையை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. முஹ்தஸிபின் கருவிகள் கண்ணும் மூக்கும் நாவும் வெயிலும் மட்டுமே. இருபது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும் நஞ்சை அக்கருவிகளால் கண்டிருக்க முடியாது. அத்தகைய நஞ்சு அன்று சந்தைக்கு வந்திருக்கவும் இல்லை.

அது வந்தது 1856-இல். இலண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், மலேரியாவிற்குரிய கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று தோற்றார். குடுவையில் எஞ்சிய கசடு பட்டுத் துணியை ஊதா நிறமாக்கியது. மருந்து தேடப் போய்ச் சாயம் கிடைத்த அந்நாளிலிருந்து, நிலக்கரித் தாரின் பிள்ளைகளாகிய செயற்கைச் சாயங்கள் உலகை நிறைத்தன. இரண்டாண்டுகளில் பீட்டர் கிரீஸ் கண்டறிந்த வேதிவினையிலிருந்து ‘அசோ’ சாயங்கள் என்னும் பெருங்குடும்பம் பிறந்தது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு பிணைப்பே அக்குடும்பத்தின் அடையாளம்.

பருத்திக்குச் சாயம் ஏற்றுவது அதுவரை எளிதன்று. படிகாரம் போன்ற பற்றுப்பொருள்களில் முன்கூட்டித் தோய்த்தாக வேண்டும். நாட்கணக்கில் பக்குவம் பார்த்தாக வேண்டும். 1884-இல் ஜெர்மனியில் பால் பாட்டிகர் உருவாக்கிய ‘காங்கோ சிவப்பு’ இந்தத் தொல்லையை ஒழித்தது. வெந்நீர், சிறிது உப்பு, சாயம் ஆகிய மூன்றிருந்தால் போதும், பருத்தி நேரே நிறம் பிடிக்கும். ஓர் ஓலைக் கொட்டகையும் நான்கு தொட்டிகளும் உள்ளவர் எவரும் சாயப்பட்டறை நடத்தலாம் என்ற நிலை இத்தகைய ‘நேர்ச்சாயங்களால்’ வந்ததேயாகும். காங்கோ சிவப்பின் மூலப்பொருள் பென்சிடின். அப்பெயரை வாசகர்கள் நினைவில் இருத்துக.

1895-இல் பிராங்க்பர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதை அறிவித்தார். அவர் ஐயுற்றது தொழிற்சாலைக் காற்றில் கலந்த அமீன்களை. பின்வந்த ஆய்வுகள் பென்சிடினும் அதன் உறவுப் பொருள்கள் சிலவும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என உறுதிசெய்தன. நோய் முதலில் கண்டறியப்பட்டது சாயம் செய்தவர்களிடத்தில் என்பது கருதத்தக்கது. துணி உடுத்துபவரைப் பற்றிய கவலை வெகுகாலத்திற்குப் பின்னரே எழுந்தது.

உண்பவரைப் பற்றிய கவலை சற்று முந்தியது. அமெரிக்கா 1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் இயற்றி, மறு ஆண்டில் உணவிற்கேற்ற தார்ச் சாயங்களாக ஏழினை மட்டும் அனுமதித்தது. 1930-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள், வெண்ணெய்க்கு மஞ்சள் நிறமூட்டப் பயன்பட்ட ஓர் அசோ சாயம் எலிகளின் கல்லீரலில் புற்றை உண்டாக்குவதைக் காட்டினர்.

அதே பத்தாண்டில் அசோ சாயம் ஒன்று மருந்தாகவும் வந்தது என்பது வேதியியல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்டு டோமாக் 1935-இல் வெளியிட்ட ‘புரோண்டோசில்’ ஒரு செஞ்சாயம். கிருமித் தொற்றால் மரணத்தின் வாயிலில் கிடந்தோரை அது மீட்டது. பாரிசின் பாஸ்டர் நிலையத்தார் அதே ஆண்டில் அதன் மறைபொருளை அவிழ்த்தனர். உடலினுள் அசோ பிணைப்பு அறுபட்டு, சல்பனிலமைடு என்னும் பொருள் விடுதலையாகிறது. நோய் தீர்ப்பது அதுவே. புரோண்டோசிலில் பிணைப்பு அறுபட்டால் மருந்து வெளிப்படுகிறது. காங்கோ சிவப்பு போன்றவற்றில் அதே பிணைப்பு அறுபட்டால் பென்சிடின் வெளிப்படுகிறது. சாயத்தின் நிறத்தைப் பார்த்து இவ்வேறுபாட்டை எந்த முஹ்தஸிபும் அறிய முடியாது.

1937-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று சல்பனிலமைடைச் சிறுவர்க்கேற்ற இனிப்புத் திரவமாக்க எண்ணி, டைஎத்திலின் கிளைக்கால் என்னும் நஞ்சில் கரைத்து விற்றது. சிறுவர் பலர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விற்பதற்கு முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என அன்றைய சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சாராயம் கலவாத மருந்தை ‘எலிக்சிர்’ என்று அழைத்தது பெயர்ப் பிழை என்ற அற்பக் காரணத்தைப் பற்றியே அரசு அம்மருந்தைக் கைப்பற்ற முடிந்தது. இக்கொடுமையின் விளைவே உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் மூன்றையும் ஒன்றாய்க் கட்டிய 1938-ஆம் ஆண்டுச் சட்டம். எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று இதைத் தள்ளிவிட வழியில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்தில் இருந்ததும் இதே டைஎத்திலின் கிளைக்கால்தான். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழக ஆய்வுக்கூடம் அதில் கண்ட நஞ்சின் அளவு 48.6 விழுக்காடு. அனுமதிக்கத்தக்க அளவு 0.1 விழுக்காடு.

இந்தியாவில் சட்டங்கள் தனித்தனியே வந்தன. சென்னை மாகாணம் 1918-இலேயே உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் கண்டது. கர்னல் சோப்ரா தலைமையிலான குழுவின் விசாரணைக்குப் பின் 1940-இல் மருந்துகள் சட்டம் வந்தது. ஒப்பனைப் பொருள்கள் அதனுள் 1962-இன் திருத்தத்தால் நுழைந்தன. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954-இலும், அதனிடத்தில் உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம் 2006-இலும் இயற்றப்பட்டன. இன்று எட்டுச் செயற்கை நிறங்களுக்கே உணவில் அனுமதி. அவையும் குறிப்பிட்ட பண்டங்களில், குறிப்பிட்ட அளவிற்குள். இவற்றுள் எதுவும் துணியைத் தொடவில்லை. துணி உண்ணப்படுவதில்லையே என்பது சட்டம் இயற்றியோரின் எண்ணமாயிருக்கலாம்.

திருப்பூரின் முதல் பின்னலாடைக் கூடத்தை 1925-ஐ ஒட்டி நிறுவியவராகக் குலாம் காதர் என்னும் பெயர் சொல்லப்படுகிறது. நம் சமுதாயத்தவர் ஒருவரின் பெயர் அத்தொடக்கத்தில் நிற்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருப்பது நலம். அக்காலத்துச் சரக்கு வெள்ளைப் பனியனே. அன்று வேண்டியது சாயப்பட்டறை அன்று, சலவைப் பட்டறை. நொய்யலின் நீரும் கிணற்று நீரும் துணிக்கு நல்ல வெண்மை தந்தன. நிறத்தின் காலம் 1970-களின் இறுதியில் ஐரோப்பியக் கொள்முதலாளர்கள் வரத்தொடங்கியபின் வந்தது. வெள்ளைப் பனியன் வண்ணச் சட்டையாயிற்று. சலவைப் பட்டறைகளுக்கு அருகே சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

இந்நிலையில் 1994-ஆம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனி ஓர் ஆணை பிறப்பித்தது. உடலில் பட்டுக்கொண்டிருக்கும் பொருள்களில், பிணைப்பு அறுபட்டு இருபது வகைப் புற்று அமீன்களுள் ஏதேனும் ஒன்றை வெளிவிடக்கூடிய அசோ சாயங்கள் இருத்தலாகாது என்பது அதன் சாரம். ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் அத்தகைய அமீன் வெளிப்பட்டால் சரக்கு தள்ளுபடி. ஜவுளிச் சட்டமோ வணிகச் சட்டமோ இவ்வாணைக்குத் தாயாக அமையவில்லை. உணவு, புகையிலை, ஒப்பனைப் பொருள், அன்றாடப் பயன்பாட்டுப் பொருள் ஆகிய நான்கினையும் ஒருங்கே ஆண்ட 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் அது பிறந்தது. உண்பதும் உடுப்பதும் ஒரே உடலைச் சேர்வன என்னும் அடிப்படை அச்சட்டத்தில் இருந்தது. அஷ்ஷைஸரீயின் நூலமைப்பு நினைவுக்கு வருவதை நாம் தவிர்க்க முடியவில்லை.

ஆணை நடப்புக்கு வரும் நாள் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு, 1996 ஏப்ரலில் முடிவாயிற்று. நெதர்லாந்து பின்தொடர்ந்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் பொதுவிதி வகுக்கப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது; அமீன்களின் எண்ணிக்கையும் இருபத்திரண்டாயிற்று. இந்திய அரசு பென்சிடின் அடிப்படைச் சாயங்கள் நாற்பத்திரண்டோடு, 1997 மார்ச்சில் மேலும் எழுபது அசோ சாயங்களையும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்தது. ரேனின் அறிக்கைக்கும் ஜெர்மனியின் ஆணைக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு ஓராண்டு குறைவு. நம் நாட்டின் தடைக்கும் ஜெர்மனியின் ஆணைக்கும் இடையே மூன்றாண்டுகளும் முழுமையாக இல்லை. தொழிலாளியின் சிறுநீர்ப்பை எழுப்பிய குரலைவிட, திருப்பி அனுப்பப்படும் பெட்டியின் குரல் நம் ஆட்சியாளர் செவியில் விரைந்து ஏறியது என்று நாம் கூறினால் அது மிகையாகாது.

திருப்பூர் இதற்கு ஈடுகொடுத்த விரைவு வியப்புக்குரியது. ‘பையர்’ என்றே அங்கு வழங்கப்படும் அயல்நாட்டுக் கொள்முதலாளர், ஒவ்வொரு நிறத்திற்கும் ஆய்வறிக்கை கேட்டார். ஆய்வுக்கூடத்தில் துணித் துண்டை வெதுவெதுப்பான கரைசலிலிட்டு, சோடியம் டைதையோனைட்டு என்னும் பொருளால் அசோ பிணைப்பை அறுத்து, வெளிப்படும் அமீனைப் பிரித்து அளப்பர். உடலுக்குள் நிகழக்கூடியதைக் குடுவைக்குள் நிகழ்த்திப் பார்க்கும் முறை அது. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜவுளிக் குழு திருப்பூரில் ஆய்வுக்கூடம் வைத்தது. தனியார் ஆய்வுக்கூடங்களும் வந்தன. 1992-இல் ஐரோப்பாவில் தோன்றிய ‘ஓக்கோ-டெக்ஸ்’ முத்திரை, எழுத்தறியாத சாயப்பட்டறைத் தொழிலாளியின் வாயிலும் புழங்கும் சொல்லாயிற்று. தடைப்பட்ட நேர்ச்சாயங்கள் ஏற்றுமதிச் சரக்கிலிருந்து நீங்கின. முன்பே பரவிவந்த ‘ரியாக்டிவ்’ சாயங்களின் ஆட்சி முழுமையாயிற்று. அவை பருத்தி இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்வன. எளிதில் சாயம் போகாதவை. தடைப்பட்டியலுக்குப் பெரும்பாலும் வெளியே நிற்பவை.

ஆனால், ரியாக்டிவ் சாயம் நீரைவிட்டு இழைக்குச் செல்ல உப்பு வேண்டும். சிறிதளவு உப்பு போதாது. ஆழ்ந்த நிறமெனில் லிட்டர் நீருக்கு அறுபது, எண்பது கிராம் வரை வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். துணியை ஆய்வுக்கூடத்தில் வைத்தால் தூய்மை. அத்துணியைத் தோய்த்த நீரை ஆற்றில் விட்டால் உவர். சான்றிதழ் துணிக்கு மட்டுமே கேட்கப்பட்டது.

இதே வகைக் கதை ஒன்று நம் சமுதாயத்தார் மிகுதியாய் ஈடுபட்ட தோல் தொழிலிலும் நிகழ்ந்துள்ளது. அதைச் சொல்லாமல் கொங்குநாட்டுச் சாயத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது. 1989-இன் இறுதியில் ஜெர்மனி, தோல் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்க்கப்பட்ட பென்டா குளோரோ பீனாலைத் தடைசெய்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் வணிகர்கள் திகைத்தனர். சென்னை அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் துணைநிற்க, மாற்றுப் பொருள்களுக்கு விரைவில் மாறினர். பாலாற்றுப் படுகையின் கிணறுகள் அதற்கு முன்பும் கெட்டுக்கொண்டிருந்தன, பின்பும் கெட்டன. உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் வழக்கில் தீர்ப்பளிக்கும்வரை அக்கிணறுகளுக்காகப் பேச வல்லவர் எவரும் எழவில்லை. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஜெர்மானியரின் காலணிக்குக் காட்டிய அக்கறையை நாம் அண்டை வயல்காரரின் கிணற்றுக்குக் காட்டினோமா என்னும் வினா நம்மவர் முன்னும் நிற்கிறது.

நொய்யலுக்குத் திரும்புவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் சிற்றாறு அது. ஆற்றின் நிறத்தைப் பார்த்தே இவ்வாரம் ஐரோப்பாவிற்கு எந்நிறச் சட்டை போகிறது என்று சொல்லிவிடலாம் எனத் திருப்பூரில் பேசிக்கொள்வதுண்டு. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட அணை 1992-இல் திறக்கப்பட்டது. பயிருக்கு நீர் தர எழுந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் குளமாயிற்று. அணைக்குள் மீன்கள் செத்து மிதந்தன. மதகைத் திறந்தால் கீழுள்ள வயல் கெடும். மூடினால் சுற்றுக் கிணறு கெடும். நீரைத் தேக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே வேண்டிக்கொண்ட அணை உலகில் வேறெங்கேனும் உண்டா என நாம் அறியோம்.

1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவை நிறத்தை ஓரளவு குறைத்தன, உப்பைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியும் சாயம் போயிற்று, தெரியாத உவர் நிலைத்தது. வேலூர் வழக்கின் தீர்ப்பால் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2004-இல் நொய்யல் உழவர்க்கு இழப்பீடு வகுத்தது. இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவர்க்கு ஒன்பதாயிரம் ரூபாயும் தேறாது. தென்னை ஒன்று காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்த எவரும் இத்தொகையைக் கேட்டுப் பெருமூச்செறிவர்.

நொய்யல் ஆற்றுப் பாசனதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2006 டிசம்பரில் வந்த ஆணை, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எய்தும்வரை, வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிச்செல்லும் தண்டத்தொகையை விதித்தது. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது. 2009 அக்டோபரில் அங்கும் உழவர் பக்கமே தீர்ப்பு. ஆணை முழுமையாகக் கைக்கொள்ளப்படாமையால், 2011 ஜனவரி 28-ஆம் நாள் உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடி மின்னிணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது.

அந்த ஆண்டின் முன்பாதியில் திருப்பூர் பட்ட பாடு சிறிதன்று. வெளிமாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தோர் ஊர் திரும்பினர். வாடகை வீடுகள் காலியாயின. துணி சாயமேற்றப்படத் தொலைவான ஊர்களுக்கு லாரிகளில் சென்றது. அண்டை மாவட்டங்களில் இரவோடிரவாக இயங்கிய கள்ளப் பட்டறைகள் வேறு ஆறுகளைக் கறைப்படுத்தின. மூடியது தவறு என்போரும் உண்டு. காலம் தாழ்த்தி மூடியதே தவறு என்போரும் உண்டு. நம் கருத்து இரண்டாவதின் பக்கம் சாய்கிறது. உவர் நீரின் தீமை 1990-களிலேயே வெட்டவெளிச்சமாயிருந்தது. அன்றே ஒரு துறை தன் கடமையைச் செய்திருந்தால், 2011-இல் ஒரே நாளில் பல்லாயிரம் அடுப்புகள் அணைந்திருக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில் மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கலன்கள், உப்புநீரையே மீண்டும் சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறை ஆகியவற்றோடு பட்டறைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. இத்தனை பெரிய தொழிற்கூட்டம் கழிவுநீரை முற்றிலும் வெளிவிடாமல் இயங்குவது உலக அளவில் அரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் செலவு ஒவ்வொரு கிலோ துணியின் மேலும் ஏறுகிறது. ஆனால், ஆய்வறிக்கை கேட்ட அதே கொள்முதலாளர் அச்செலவில் பங்கேற்கும் விலை தர முன்வருவதில்லை என்பது திருப்பூர்த் தொழில்முனைவோரின் நெடுநாள் குறை. அக்குறையில் நியாயம் உண்டு.

நம் நாட்டுச் சட்டம் நினைத்தால் விரையும் என்பதற்கும் திருப்பூரே சான்று. 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, மருத்துவப் பணியாளர்க்கான முழுக்கவச உடைகளும் முகக்கவசங்களும் பனியன் தைத்த அதே தையல் இயந்திரங்களில் தைக்கப்பட்டன. கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடம், செயற்கை இரத்தத்தைத் துணியின்மேல் அழுத்தத்துடன் பாய்ச்சி அது ஊடுருவுகிறதா எனச் சோதித்துச் சான்று எண் வழங்கியது. தொடக்கத்தில் நாடு முழுமைக்கும் இப்பணியை ஆற்றியது அந்த ஓர் ஆய்வுக்கூடமே. உடுத்துபவர் நம்மூர் மருத்துவரும் செவிலியருமாய் இருந்த அந்தச் சில மாதங்களில், சோதனையும் நம்மூரிலேயே நம்மவர்க்காக நடந்தது.

உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் பனியனுக்கு 1997-ஆம் ஆண்டுத் தடை ஏட்டளவில் பொருந்தும். ஈரோட்டிலோ மதுரையிலோ தெருவோரம் குவித்து விற்கப்படும் குழந்தை உடைக்கு அமீன் அறிக்கை கேட்பவரை நாம் கண்டதில்லை. மஞ்சள் தூளில் ‘மெட்டானில் மஞ்சள்’ என்னும் தொழிற்சாலை அசோ சாயம் கலப்பதும் பழைய கதை. சிறிது தூளை நீரில் கரைத்து ஓரிரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், கலப்படமிருப்பின் இளஞ்சிவப்பு தோன்றி நிலைக்கும். வெயிலில் காட்டும் சோதனைக்கு நிகரான எளிய சோதனைதான் இது. எனினும், நகரத்து வீடுகளில்கூட இதை அறிந்தோர் சிலரே.

அஷ்ஷைஸரீ காலத்தில் மருதாணி கள்ளச் சாயமாய் இருந்தது. இன்று அதுவே கள்ளத்திற்கு இரையாகிறது. பெருநாள் இரவில் விரைவாகக் கருத்துச் சிவக்கும் என விற்கப்படும் ‘கறுப்பு மருதாணி’க் கூம்புகளில் பாரா பினைலின் டைஅமீன் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இதுவும் அமீன் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஐரோப்பிய விதிகள் இப்பொருளைத் தலைமுடிச் சாயத்தில் 2 விழுக்காடு வரை, எச்சரிக்கையோடு, அனுமதிக்கின்றன. தோலில் பூசுவதற்கு அனுமதி இல்லை. நம் மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளும் முடிச்சாயப் பெட்டியில் முன்சோதனை குறித்த எச்சரிக்கையை அச்சிடச் சொல்கின்றன. பெட்டியின்றி, பெயரின்றி, பெருநாள் சந்தையில் விற்கும் கூம்பில் எச்சரிக்கையை எங்கே அச்சிடுவது? நம் சிறுமியர் கைகளில் கொப்புளம் எழுந்தபின் தாய்மார் மருத்துவரிடம் ஓடுகின்றனர்.

திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் நீர் மீட்கப்படுகிறது. உப்பின் பெரும்பகுதியும் மீட்கப்பட்டு மீண்டும் தொட்டிக்குச் செல்கிறது. கசடில் ஒரு பகுதி சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் எஞ்சுகிறது. அதைக் கடலில் கொட்டவும் விதியில்லை, நிலத்தில் புதைக்கவும் இடமில்லை. சாக்குகளில் கட்டி, மழை படாத கொட்டகைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கின்றனர்.